பக்கத்துத் தெருக் கூட்டத்துக்கே போங்கள்

குடியை விடுவதற்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போவது என்று முடிவெடுத்துவிட்டீர்களா? உங்கள் ஊரில் நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள். உள்ளூரில் இல்லையென்றால் மட்டும் அடுத்த ஊர். ‘தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்?’ என்று பயந்து 60 கிலோமீட்டர் தள்ளி ஒரு குழுவைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் ஐந்து நிமிடம் ஃபோனில் பேசினால் தெரிந்துவிடும்.

எனக்குத் திண்டுக்கல். மோட்டார் ரீவைண்டிங் கடை. நீங்களும் என்னைப் போல ஒரு கடையோ பட்டறையோ வைத்திருப்பீர்கள், மனைவி இருப்பார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருப்பார்கள், யோசனை சொல்வதற்கென்றே ஒரு மச்சானும் இருப்பார். உள்ளூர்க் கூட்டம் வேண்டாம் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். “மாப்ள, இங்க போனீங்கன்னா நாளைக்கே பஜார் பூராம் தெரிஞ்சுபோகும். தங்கச்சிதான் தலை குனிஞ்சு நடக்கணும். மதுரையில பாருங்க.” நானும் தலையாட்டினேன். பஜாருக்குத் தெரியாதது அப்போது என்ன மிச்சமிருந்தது? பட்டப்பகலில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே படுத்துக் கிடந்தவன் நான். பக்கத்து டீக்கடைக்காரர் என்னை எழுப்பி ஆட்டோவில் ஏற்றிவிட்டதெல்லாம் ஊர் பார்த்ததுதான். விழுந்ததை எல்லோரும் பார்த்தாயிற்று, எழுந்திருப்பதை மட்டும் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பது மச்சானின் நியாயம். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. குடிக்கிறவனுக்கு நல்ல காரியம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு வசதி.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயில் கட்டுவது முழுக்க விரல் வேலை. ஸ்டேட்டரில் ஸ்லாட் ஸ்லாட்டாக இன்சுலேஷன் பேப்பரை மடித்துச் சொருகி, செம்புக் கம்பியை இழை இழையாக உள்ளே இறக்க வேண்டும். விரல் நடுங்கினால் கம்பி ஸ்லாட் விளிம்பில் உரசிவிடும். எனாமல் போன இடம் கண்ணுக்குத் தெரியாது. வார்னிஷ் ஊற்றி, காயவைத்து, மாட்டிக் கொடுத்து, தோட்டத்தில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போது அந்த இடத்தில் ஷார்ட் ஆகிக் காயில் கருகும். அதே மோட்டார் அதே எக்ஸெல் வண்டியில் திரும்பி வரும், இந்த முறை சம்சாரியின் வசவோடு. காலையில் கை நடுங்க ஆரம்பித்தபோது, கை நிற்பதற்காகத்தான் ஒரு கட்டிங் போட்டேன். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு, நான் கடை திறப்பது 9 மணிக்கு. நடுவில் உள்ள நேரத்துக்குச் சந்துக்கடை இருந்தது, கூடுதல் விலைக்கு. குடித்தால் கை நின்றது, வேலை நடந்தது. டெஸ்டர், ஸ்க்ரூ டிரைவர் போல அதுவும் ஒரு சாமான் என்று நம்பினேன்.

மச்சானின் முதல் யோசனை மதுரை அல்ல. அதற்கு முன்னால் ஒரு குடிமீட்பு ‘ஹோம்’ இருந்தது. எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லப் போவதில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனை நாலு பேர் வந்து தூக்கி வேனில் போட்டார்கள். டாக்டர் என்று ஒருவர் அங்கே வந்து நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு கதவிலும் பூட்டு. அதுவும் எங்கள் ஊர்ப் பூட்டு, அதை மட்டும் குறை சொல்ல முடியாது. கேள்வி கேட்டால் அடி. சாயங்காலம் வரிசையாக உட்காரவைத்து, “நான் ஒரு குடிநோயாளி” என்று கத்தச் சொல்வார்கள். சத்தம் குறைந்தால் மறுபடியும் கத்த வேண்டும். கூட்டம் என்றால் இதுதான் என்று என் மனதில் பதிந்தது அங்கேதான். வெளியே விட்ட அன்றைக்கே குடித்தேன். அவர்களுக்குக் கட்டிய பணம் என் மனைவியின் வளையல்.

மதுவால், போதைப் பொருளால் வரும் மனநலக் கோளாறுகளும் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. இப்படி ஆட்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்திடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். வாசலிலேயே பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். முழித்தால் வண்டியைத் திருப்புங்கள். மச்சான் கேட்கவில்லை. “ஆள் திருந்துனா சரி” என்றாராம். எல்லா இடமும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுகிறார்கள். அடிப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் எங்கள் வீட்டில் யாருக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

இப்போது மதுரை. அங்கே எனக்குக் கிடைத்த குழு நல்ல குழு. யாரும் கத்தச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்தேன், கை நின்றது, மனைவி சிரித்தாள். ஆனால் பாருங்கள், கூட்டம் முடிந்தபின் டீ கிளாஸோடு நின்று பேசுகிற அந்த நேரம் இருக்கிறதே, அதில்தான் பாதி வேலை நடக்கிறது. யார் எந்தக் கடை வழியாகப் போவதைத் தவிர்க்கிறார், யாருக்கு எந்தக் கிழமை ஆபத்து, எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். நான் அதற்குள் ஆரப்பாளையம் பஸ்ஸைப் பிடிக்க எழுந்துவிடுவேன். முகூர்த்த நாளில் பஸ்ஸில் நிற்க இடமிருக்காது. சித்திரைத் திருவிழா நேரத்தில் மதுரைக்குள் நுழைவதே பெரும்பாடு. அதே சித்திரை, வைகாசியில்தான் கிணறு வற்றி, மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகி, எங்கள் கடை வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஒரு வாரம் தவறும், அடுத்த வாரமும் தவறும்.

எனக்கு ஆபத்தான நேரம் சாயங்காலம் ஆறு மணி. கூலிப் பணம் சட்டைப்பையில் இருக்கும், உடம்பு அலுத்திருக்கும். மதுரை நண்பருக்கு ஃபோன் போடுவேன். எடுத்துவிடுவார், பொறுமையாகப் பேசுவார். பேசி முடித்ததும் நான் தனி ஆள்தான். “இருங்கண்ணே, இப்ப வர்றேன், டீ குடிப்போம்” என்று அவர் எப்படிச் சொல்ல முடியும், 60 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு?

கார்த்திகையில் மாலை போட்டேன். ஒரு மண்டலம் சுத்தம். மச்சானுக்கு ஒரே பெருமை. “பாத்தீங்களா மாப்ள, மனசு வச்சா முடியுது. அப்புறம் எதுக்கு மதுரைக்கும் இங்கயும் அலைஞ்சுக்கிட்டு?” அலைச்சல் என்று அவர் சொன்னது உண்மைதான், அதனால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது. கூட்டம் நடந்து போகிற தூரத்தில் இருந்திருந்தால் அப்படிச் சொல்ல அவருக்கு வாயே வந்திருக்காது. மதுரைக்குப் போவதை நிறுத்தினேன். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றினேன். அன்றைக்குச் சாயங்காலமே குவார்ட்டர். மாலை போட்டால் குடிக்காமல் இருக்க முடிகிறது, ஆகவே எனக்குக் குடிநோய் இல்லை என்று உங்களுக்கும் யாராவது கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். மாலையைக் கழற்றியபின் எத்தனை மணி நேரம் தாங்கியது என்று அவர்களைத் திருப்பிக் கேளுங்கள்.

பொங்கலுக்குள் பழையபடி ஆகிவிட்டது, சந்துக்கடை உட்பட. பொங்கல் முடிந்ததும் வீம்புக்கு ஒரேயடியாக நிறுத்தினேன். டாக்டர் வேண்டாம், கூட்டம் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று. இரண்டாவது நாள் காலை கடையில் ஸ்டேட்டரைத் தூக்கிப் பெஞ்சில் வைத்தது வரை ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் ஆஸ்பத்திரி சீலிங் ஃபேன். வலிப்பு வந்து விழுந்ததில் பெஞ்சின் விளிம்பு நெற்றியைக் கிழித்திருந்தது. கடைப் பையன் சாவியையும் வெங்காயத்தையும் கையில் திணித்தானாம், அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென நிறுத்தினால் 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் சில நாளுக்கு மாத்திரை கொடுத்து, படிப்படியாகக் குறைத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டு நிறுத்துகிறார்கள். கூட்டத்தில் இதெல்லாம் நடக்காது. ஏ.ஏ.வில் டாக்டரும் இல்லை, மருந்தும் இல்லை. ஆகவே காலையில் எழுந்ததும் உங்கள் கை நடுங்குகிறது என்றால் முதல் நடை அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு, இரண்டாவது நடை கூட்டத்துக்கு. மனநலப் பிரிவு என்ற போர்டைப் பார்த்துத் தயங்காதீர்கள். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேரை நீங்கள் பாரில் பார்த்திருப்பீர்கள். பிற்பாடு குழுவில் யாராவது, மாத்திரையும் ஒரு போதைதான், விட்டுவிடுங்கள் என்று சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வின் வெளியீடே சொல்கிறது.

“மீட்டிங் எங்க போறீங்க?” என்று கேட்டார் டாக்டரம்மா. மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றேன். “ஏன், இந்த ஊருக்கு என்ன குறைச்சல்?” என்று ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். என் கடையிலிருந்து நடந்தே போகலாம். தினமும் அந்த வழியாகத்தான் வார்னிஷ் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன்.

ஏ.ஏ. தொடங்கிய கதையை உள்ளூர்க் குழுவில்தான் முழுதாகக் கேட்டேன். 1935 மே மாதம். நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சன் ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரத்துக்குப் போகிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கிறது. போன காரியம் கெட்டுவிட்டது. ஹோட்டல் முன்கூடத்தில் நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. இன்னொரு பக்கம் ஃபோன், அதன் அருகே அந்த ஊர் சர்ச்சுகளின் பட்டியல். ஒவ்வொரு நம்பராகப் போட்டு, இங்கே குடியால் அவதிப்படுகிற யாரோடாவது நான் பேச வேண்டும் என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை சிகிச்சை செய்பவர். 15 நிமிடம்தான் என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை வழுக்கி விழுந்து, கடைசியாக அவர் குடித்தது ஜூன் 10. அன்று காலை அவருக்கு ஆபரேஷன் இருந்தது. கை நடுங்காமல் இருப்பதற்காக பில்தான் ஒரு பீர் கொடுத்தாராம். அந்தத் தேதியைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். டாக்டருடைய கை நடுக்கத்தைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பில் செய்ததையும் கவனியுங்கள். நெருக்கடி வந்தபோது நின்ற ஊரிலேயே ஆள் தேடினார்.

எங்கள் கூட்டம் நடப்பது ஒரு சர்ச் வளாகத்தில், ஞாயிறு வகுப்பு நடக்கும் அறையில். சுவரில் பிள்ளைகள் ஒட்டிய காகிதப் பூக்கள். பெஞ்சும் அவர்கள் உயரத்துக்குச் செய்தது, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சுக்கு வரும். முதல் நாள் உள்ளே ஒருவரைப் பார்த்துவிட்டுக் கதவோடு நின்றுவிட்டேன். யார் என்று சொல்ல மாட்டேன், அது எங்கள் விதி. ஊரில் யார் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று நான் மதுரைக்கு ஓடினேனோ அந்த வரிசையில் முதல் ஆள். அவர் எழுந்து வந்து, “உள்ள வாங்க, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க” என்றார். அவ்வளவுதான் நடந்தது. இதற்காகத்தான் ஒரு வருஷம் பஸ் ஏறினேன்.

பயப்படுவதற்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் மௌனம், ஒரு பிரார்த்தனை, பிறகு 12 படிகளை வாசிப்பார்கள். (பதினெட்டுப் படி ஏறிவிட்டு வந்தும் குடித்தவன் நான் என்று சொன்னேன், சிரித்தார்கள்.) விருப்பப்பட்டவர் பேசலாம். புதியவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பெயர்ப் பதிவு கிடையாது, கையெழுத்து கிடையாது, சந்தா கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், முடிந்தவர்கள் போடுவார்கள், முதல் தடவை வருபவரைப் போட வேண்டாம் என்பார்கள். வெளியாள் பணம் கொடுத்தால் வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் உள்ளே வரத் தகுதி.

ஒருவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது, யோசனை சொல்லக் கூடாது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. மச்சானிடம் இதைச் சொன்னேன், அவருக்குப் புரியவில்லை. இதில் ஒரு கஷ்டமும் உண்டு. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் 1971-ல் மதுவிலக்கு எடுத்து ஊரில் கடை திறந்த நாளிலிருந்து ஆரம்பிப்பார். 1974-ல் மறுபடி மூடியதற்கு வந்து சேர்வதற்குள் டீ ஆறிவிடும். அதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கடவுள் பேச்சு வருகிறதே என்று தயங்குபவருக்கு ஒரு தகவல். எங்கள் அறையில் கறுப்பு வேட்டி ஐயப்ப பக்தரும் இருக்கிறார், கறுப்புச் சட்டை பெரியார்காரரும் இருக்கிறார். கடவுள் என்ற இடத்தில் பெரியார்காரர் வைத்திருக்கும் ‘உயர்சக்தி’ இந்தக் குழுதானாம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

தேடுவது எப்படி என்றால், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கேளுங்கள், அவர்களிடம் விவரம் இருக்கும். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண். 14416 டெலி மானஸ், மனநலத்துக்கானது, தமிழிலும் பேசலாம். ஏ.ஏ.வின் இணையதளத்திலும் ஊர்வாரியாகக் குழுக்கள் இருக்கின்றன. கிழமையும் நேரமும் மாறியிருக்கலாம், ஆகவே கிளம்பும் முன் அந்தக் குழுக்காரர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். ‘மூடிய’ கூட்டம் என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும், ‘திறந்த’ கூட்டம் என்றால் வீட்டாரும் வரலாம். முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அதே குழுவுக்கு இன்னும் சில தடவை போய்ப் பாருங்கள். ஊர் மாற்றிப் பார்க்க வேண்டாம்.

குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. பில்லின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கியது. என் மனைவி போனாள், நான் மறுபடி குடித்துக்கொண்டிருந்த அந்த மார்கழி, தையில். போய் வந்ததிலிருந்து எனக்காகப் பொய் சொல்வதை நிறுத்திவிட்டாள். முன்பெல்லாம் கஸ்டமர் ஃபோன் செய்தால் “அவருக்கு உடம்பு சரியில்லை” என்பாள். பிறகு, “குடிச்சிட்டுப் படுத்திருக்காரு, எந்திரிச்சதும் சொல்றேன்.” நான் ஆடிப்போனேன். வீட்டுக்காரரின் குடியை மூடி மறைக்காமல் இருப்பதுதான் அவருக்குச் செய்யும் உதவி என்று அங்கே பேசுவார்களாம். இருக்கலாம். ஆனால் ஐந்து போர்வெல் வைத்திருந்த ஒரு நல்ல கஸ்டமர் அந்த ஒரு பதிலில்தான் என்னை விட்டுப் போனார். அதை அவளிடம் இன்றைக்கும் சொல்வேன், அவளும் இன்றைக்கும் அசையவில்லை.

விசேஷ வீடுகள். முதல் சில மாதங்களுக்குக் காது குத்து, கிரகப்பிரவேசம், கெடா வெட்டு எதற்கும் போகாதீர்கள். மொய்யை மனைவியிடம் கொடுத்தனுப்புங்கள். போயே ஆக வேண்டும் என்றால் உள்ளூர்க் குழு நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், இலையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, கை கழுவியதும் கிளம்பிவிடுங்கள். மொட்டை மாடிப் பக்கம் போகவே கூடாது. மச்சான் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். நான் போகவில்லை. “பத்திரிகை வைக்காமலா விட்டேன்?” என்று இன்னும் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பத்திரிகை வந்தது. ராத்திரி மாடியில் என்ன ஏற்பாடு என்று அதில் அச்சடிக்கவில்லை, ஆனால் கட்டிட மேஸ்திரி என் கஸ்டமர்.